முதல் ஹெல்கேட் கிட்: ஒட்டும் வரிசை வேறு, பூசும் வரிசை வேறு

பிளாஸ்டிக் மாதிரி விமானக் கிட்டின் பெட்டிக்குள் இருக்கும் கையேடு எந்தத் துண்டு எதோடு ஒட்டும் என்று மட்டும்தான் சொல்லும். எதை இப்போது ஒட்டக் கூடாது என்று சொல்லாது. அதிலுள்ள எண் வரிசையிலேயே ஒட்டிக்கொண்டு போனால், வண்ணம் பூசும் நேரத்தில் சக்கரக்கால் குறுக்கே நிற்கும், ஆண்டெனா கம்பம் ஒடிந்து கிடக்கும், எஞ்சினுக்குள் நீலம் புகுந்திருக்கும். முதல் கிட்டைப் பாதியில் பரணில் போட்டவர்களில் பலர் இதில் சிக்கியவர்கள்தான்.

இங்கே எடுத்துக்கொண்டது இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கப் போர்விமானமான கிரம்மன் எஃப்6எஃப் ஹெல்கேட், 1/48 அளவு, அதாவது நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு. வைல்ட்கேட், கோர்செய்ர், ஜீரோ என்று விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்த எந்தப் போர்விமானத்துக்கும் முறை ஏறக்குறைய இதுதான்.

1. எந்த அளவு, எந்தப் பெட்டி

ஹெல்கேட்டின் இறக்கை விரிவு 13.06 மீட்டர். 1/72 அளவில் அது சுமார் 18 செ.மீ., 1/48-இல் 27 செ.மீ., 1/32-இல் 41 செ.மீ. விலை குறைவு என்று பலர் 1/72-இல் தொடங்குகிறார்கள். அதில் கண்ணாடி மூடியின் சட்டங்களைப் பூசுவதற்காக மாஸ்க் (வண்ணம் படாமல் மறைக்கும் ஒட்டுத்தாள்) ஒட்டுவதற்குள் பொறுமை போய்விடும். 1/32-இல் பூச வேண்டிய பரப்பு 1/48-ஐப் போல இரண்டேகால் மடங்கு, வண்ணமும் அந்தக் கணக்கில் செலவாகும். முதல் கிட்டுக்கு 1/48 போதும்.

பெட்டியில் அச்சிட்ட ஆண்டு அந்தப் பெட்டியின் ஆண்டு, உள்ளே இருக்கும் அச்சின் ஆண்டு அல்ல. பழைய அச்சுகள் புதுப் படத்தோடு திரும்பத் திரும்ப வரும். உடற்தகட்டுக் கோடுகள் பள்ளமாக இல்லாமல் புடைத்திருந்தால் பெரும்பாலும் பழைய அச்சு. இணைப்பைத் தேய்க்கும்போது புடைத்த கோடுகள் அழிந்துபோகும், திரும்பக் கொண்டுவருவது பெரிய வேலை. ஒரே நிறுவனம் ஒரே அச்சைப் பல தரத்தில் விற்பதும் உண்டு. எடுவார்டின் 'புரோஃபிபேக்' பெட்டியில் உலோகத் தகட்டுத் துண்டுகளும் வெட்டிய மாஸ்க்கும் இருக்கும், 'வீக்கெண்ட்' பெட்டியில் இருக்காது. தகடு இல்லாவிட்டால் நஷ்டமில்லை. மாஸ்க் இல்லாவிட்டால் தனியாக வாங்குங்கள். கூடுதல் பொருட்களில் முதல் கிட்டுக்கு உண்மையிலேயே தேவைப்படுவது அது ஒன்றுதான்.

மடக்கிய இறக்கை அழகுதான். ஆனால் மூட்டுப் பகுதியில் குழாய், கம்பி என்று உட்புறம் முழுவதும் வெளியே தெரியும், அதோடு இறக்கையின் எடை முழுவதும் ஒரு சின்ன இணைப்பில் தொங்கும். முதல் தடவை விரித்தே வையுங்கள்.

2. மூன்று தாள்களையும் முதலில் படியுங்கள்

கையேடு, வண்ண அட்டவணை, டீக்கால் தாள் (நீரில் நனைத்து விமானத்தில் ஒட்டும் சின்னங்கள், எண்கள் உள்ள தாள்) ஆகிய மூன்றையும் கத்தியை எடுக்கும் முன் ஒருமணி நேரம் படிக்க வேண்டும். டீக்கால் தாளையும் வண்ணப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டின் மேல் சிமென்ட் (பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் பசை) கொட்டாமல் ஒரு கிட் முடிவதில்லை.

எந்த விமானத்தைச் செய்யப்போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவுசெய்யுங்கள். டீக்கால் தாளில் நாலைந்து விமானங்கள் இருக்கும். தேர்வைப் பொறுத்துத் துண்டுகளே மாறும். எஃப்6எஃப்-3 வகையில் விமானி இருக்கைக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு சிறு ஜன்னல் உண்டு. -5 வகையில் முதலில் வந்தவற்றில் அது உண்டு, பின்னால் வந்தவற்றில் கிடையாது. -5-இல் இறக்கைக்கு அடியில் ராக்கெட் தாங்கிகள் வரும். அவற்றுக்கான துளைகள் கீழ் இறக்கையின் உட்பக்கத்தில் பாதிவரைதான் இருக்கும், இறக்கையை மூடுவதற்கு முன் 0.8 முதல் 1 மி.மீ. துளைப்பானால் திறந்துவிட வேண்டும். மூடிய பிறகு வெளியிலிருந்து அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் விமானத்துக்குத் தேவையில்லாத துண்டுகளைக் கையேட்டிலேயே பென்சிலால் அடித்துவிடுங்கள்.

வண்ண எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. எக்ஸ்எஃப் என்று தொடங்கினால் டாமியா, எச் என்றால் மிஸ்டர் ஹாபியின் அக்ரிலிக், சி என்றால் மிஸ்டர் கலர் லாக்கர். ஒன்றின் எண்ணை வைத்து இன்னொன்றை வாங்கிவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் பொதுவானது அமெரிக்க அரசின் வண்ணத் தர எண்ணான எஃப்.எஸ். எண். மங்கல் கடல்நீலத்துக்கு 35042, இடைநீலத்துக்கு 35164, பளபளப்புக் கடல்நீலத்துக்கு 15042, காக்பிட் உட்பச்சைக்கு 34151. முதல் இலக்கம் பளபளப்பைக் குறிக்கிறது: 1 பளபளப்பு, 2 அரைப் பளபளப்பு, 3 மங்கல்.

பெட்டி வந்த அன்றே துண்டுகள் கோத்திருக்கும் ஸ்ப்ரூ சட்டங்களைக் கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். கண்ணாடித் துண்டில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குறை இருந்தால் உடனே கேளுங்கள். பாதி ஒட்டிய கிட்டுக்கு மாற்றுத் துண்டு கேட்டு வாங்குவது பெரும்பாடு.

3. எதற்குச் செலவழிப்பது, எதற்கு வேண்டாம்

முதல் தடவை கிட்டின் விலையைவிடக் கருவிக்கும் வண்ணத்துக்கும் கூடுதலாகப் போகும். கருவிகள் அடுத்த கிட்டுகளுக்கும் உழைக்கும். துண்டுகளை வெட்டும் நிப்பரில் கஞ்சத்தனம் வேண்டாம். கத்தி, சாமணம், 400 முதல் 2000 வரையிலான உப்புத்தாள், தண்ணீர் போல ஓடும் மெல்லிய சிமென்ட் ஒரு சீசா, கெட்டியானது ஒன்று, இடைவெளியை நிரப்பும் புட்டி ஒரு குழாய், 6 மற்றும் 10 மி.மீ. மாஸ்க்கிங் டேப், டீக்கால் மென்மையாக்கி, பளபளப்பு வார்னிஷ், மங்கல் வார்னிஷ். இவ்வளவு போதும்.

காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் கட்டாயமில்லை. வாங்குவதானால் 0.3 மி.மீ. முனையும், காற்றழுத்தத்தைக் குறைக்கக்கூடிய ரெகுலேட்டர் உள்ள கம்ப்ரசரும் இருக்க வேண்டும். ஏர்பிரஷ் இல்லாதவர்கள் 1944-க்குப் பிந்தைய, உடல் முழுதும் ஒரே கடல்நீலம் பூசிய விமானத்தைத் தேர்ந்தெடுத்தால் ஸ்ப்ரே டப்பாவிலேயே முடித்துவிடலாம். மூன்று வண்ணம் பூசியதை முதல் முறையிலேயே தூரிகையால் செய்ய முனைவது வம்பு. ரெசின் காக்பிட், உலோகத் துப்பாக்கிக் குழல் எதுவும் இப்போது வேண்டாம்.

லாக்கரும் மெல்லிய சிமென்ட்டும் மூச்சுக்குக் கெடுதல். ஜன்னலைத் திறந்து வைத்து, கரிம ஆவி வடிகட்டி பொருத்திய முகமூடி அணியுங்கள். சாதாரணத் தூசி முகமூடி ஆவியைத் தடுக்காது.

நேரக் கணக்கு: தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று முதல் நான்கு வாரம் ஆகும். அதில் பாதிக்குமேல் காயக் காத்திருப்பதுதான். ஒரே வார இறுதியில் முடிக்கத் திட்டம் போடாதீர்கள்.

4. கழுவுதல், வெட்டுதல்

சட்டங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் பின்னால் டேப்போடு வண்ணமும் உரிந்து வரும். கொதிநீர் கூடாது, இறக்கை வளைந்துவிடும்.

துண்டை ஒரே வெட்டில் ஒட்டக் கத்தரித்தால் பிளாஸ்டிக் பிய்ந்து குழி விழும். முதலில் 2 மி.மீ. தள்ளி வெட்டி எடுத்து, மிச்சத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் சமன்செய்யுங்கள். தேவைப்படும் துண்டை மட்டும் அப்போதைக்கப்போது வெட்டுங்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டிக் குவித்தால் எது எந்த எண் என்று தெரியாமல் போகும்.

5. காக்பிட்

தரை, பின்சுவர், பக்கப் பலகைகள் எல்லாம் உட்பச்சை. கருவிப் பலகை கறுப்பு. கருவிப் பலகைக்கு டீக்கால் தந்திருந்தால் மென்மையாக்கியை இரண்டு மூன்று தடவை தடவி, புடைப்புகளின் மேல் படியவிடுங்கள். பிறகு கரும்பழுப்பு வாஷ் (பள்ளங்களில் ஓடித் தங்கும் நீர்த்த வண்ணம்) ஒரு கை, மூலைமுடுக்கெல்லாம் எடுப்பாகும். இருக்கைப் பட்டை கட்டாயம் வேண்டும். கண்ணாடியைத் திறந்து வைத்தால் முதலில் கண் போவது அதில்தான்.

காக்பிட்டை ஒட்டுவதற்கு முன் உடலின் இரண்டு பாதியையும் டேப் போட்டு மூடிப் பாருங்கள். தரைப்பலகை அரை மில்லிமீட்டர் அகலமாக இருந்தாலும் உடல் மூடாது. விரலால் அழுத்தி மூடிவிட்டால் இரண்டு நாளில் இணைப்பு வாயைத் திறக்கும். தேய்க்க வேண்டியது காக்பிட்டின் ஓரத்தை, உடலை அல்ல. துண்டின் விளிம்பில் வழிந்த வண்ணமே சில நேரம் இந்த அரை மில்லிமீட்டரைக் கூட்டியிருக்கும், அதையும் சுரண்டி எடுங்கள்.

6. எஞ்சின், புரொப்பெல்லர்

பிராட் & விட்னி ஆர்-2800. வரிசைக்கு ஒன்பதாக இரண்டு வரிசை, மொத்தம் 18 சிலிண்டர். அலுமினிய வண்ணம் பூசிக் காய்ந்ததும் கறுப்பு வாஷ் விடுங்கள், முன்பக்க உறை வெளிர்சாம்பல். மூக்குத் திறப்பு அகலமானதால் முன்வரிசை நன்றாகத் தெரியும். பின்வரிசையில் மெனக்கெட வேண்டாம்.

எஞ்சினை அதைச் சுற்றி வரும் உறையான கவுலிங்குக்குள் இப்போதே ஒட்டிவிடாதீர்கள். கவுலிங்கைத் தனியாக வைத்து, உடலுக்கு வண்ணம் பூசும் நேரத்தில் மட்டும் வெள்ளைப் பசை இரண்டு பொட்டு வைத்து நிறுத்துங்கள். நிற எல்லைக்கோடு உடலிலிருந்து கவுலிங்குக்கு ஒழுங்காகத் தொடரும், பிறகு கழற்றி எஞ்சினை வைத்துக்கொள்ளலாம்.

புரொப்பெல்லர் இதழ் கறுப்பு, நுனி மஞ்சள். நிஜத்தில் 4 அங்குலம், 1/48-இல் 2 மி.மீ. வெள்ளை, அதன்மேல் மஞ்சள், நுனியில் டேப், கடைசியாகக் கறுப்பு. கறுப்பின் மேல் மஞ்சள் பூசினால் எத்தனை பூச்சு போட்டாலும் பாசிநிறம்தான் வரும்.

7. உடலும் இறக்கையும்

பாதிகளை டேப் போட்டுச் சேர்த்து, மெல்லிய சிமென்ட்டைத் தூரிகை நுனியால் இணைப்பில் தொடுங்கள், அது தானாக உள்ளே ஓடும். அரை நிமிடம் கழித்து லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் நூல் போலப் பிதுங்கும். அதைத் துடைக்க வேண்டாம். 24 மணி நேரம் கழித்து அதைத் தேய்த்தால் புட்டியே தேவைப்படாது. அன்றைக்கே தேய்த்தால் மென்மையாக இருக்கும் பிளாஸ்டிக் பின்னர் சுருங்கி, வண்ணம் பூசிய பிறகு இணைப்பு கோடாக அமிழ்ந்து தெரியும். விரல் டேப்பின் மேல் இருக்கும்போது அதன் ஓரத்தில் சிமென்ட் விடாதீர்கள். டேப்புக்கு அடியில் ஓடி உங்கள் கைரேகையைப் பதித்துவிடும்.

வாலில் இருக்கும் தரையிறங்கு கொக்கியை உடலுக்குள் வைத்து மூடச் சொல்லும் கையேடுகள் உண்டு. அடுத்த மூன்று வாரத்தில் அது கட்டாயம் ஒடியும். கொக்கியை மடக்கிய நிலையில் செய்யுங்கள், அல்லது தண்டைச் சற்று வெட்டிக் கடைசியில் செருகும்படி வையுங்கள்.

இறக்கையின் நடுப்பகுதி கிடையாகவும் வெளிப்பகுதி மேல்நோக்கிச் சரிந்தும் இருக்க வேண்டும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி தெரிந்தால் புட்டியை எடுக்காதீர்கள். ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு உடலின் மேலாக டேப்பை இழுத்து ஒட்டினால் இறக்கை சற்று உயர்ந்து இடைவெளி மூடும். முன்னாலிருந்து பார்த்து இரு நுனியும் ஒரே உயரமா, வால் கிடைத்தகடு இறக்கைக்கு இணையா என்று சரிபார்த்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். இது வால்சக்கர விமானம் என்பதால் மூக்கில் எடை வைக்க வேண்டிய தொல்லை இல்லை.

சக்கரக்கால், அதன் கதவுகள், ஆண்டெனா, துப்பாக்கிக் குழல், புரொப்பெல்லர் எல்லாம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

8. கண்ணாடி

சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியில் வெண்புகையாகப் படியும். வெள்ளைப் பசை போதும். மாஸ்க்கை ஒட்டி ஓரங்களைப் பல்குச்சியால் அழுத்துங்கள். முதலில் உட்பச்சை, அதன்மேல் வெளி வண்ணம். உள்ளிருந்து பார்க்கும்போது சட்டம் பச்சையாகத் தெரியும். திறந்து வைக்கப்போகும் நகரும் மூடியைப் பூச்சின்போது மூடிய நிலையில் பசைப்பொட்டால் நிறுத்தினால் காக்பிட்டுக்கும் அதுவே மறைப்பு. சக்கரக்குழிகளையும் எஞ்சின் திறப்பையும் ஈரப் பஞ்சால் அடைத்துவிடுங்கள்.

9. ப்ரைமர், பிறகு மூன்று வண்ணம்

சாம்பல் ப்ரைமர் ஒரு கை பூசிப் பாருங்கள். இதுவரை கண்ணுக்குத் தப்பிய கீறலும் இணைப்பும் இப்போதுதான் தெரியும். சரிசெய்து மறுபடி பூசுங்கள். இந்தச் சுற்று இரண்டு நாள் எடுக்கும்.

1943-இன் மூவண்ண முறையில் அடிப்புறம் வெள்ளை, பக்கங்கள் இடைநீலம், மேற்புறம் கடல்நீலம். பூசும் வரிசையும் அதுவே. வெளிரிலிருந்து அடர்த்திக்குப் போக வேண்டும், தலைகீழாகப் போனால் நீலத்தை வெள்ளையால் மூட முடியாது. கிரம்மன் சக்கரக்குழிகளுக்கும் அடிப்புறத்தின் வண்ணத்தையே பூசியது. மூவண்ண ஹெல்கேட்டில் அவை வெள்ளையே. கோர்செய்ர் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் இறக்கை மேல்நோக்கி மடங்கும்போது அடிப்புறம் வெளியே தெரியும் என்பதால் மடங்கும் பகுதியின் அடிப்புறமும் இடைநீலம். ஹெல்கேட்டின் இறக்கை பின்னால் மடங்குவதால் இந்த வேலை இல்லை.

நிறங்கள் சந்திக்கும் கோடு கூர்மையாக இருக்கக் கூடாது. சுவரில் படம் ஒட்டப் பயன்படும் களிமண் போன்ற மென்பசையைப் புழுவாக உருட்டி எல்லையில் வைத்து, நேர்மேலிருந்து பூசினால் ஓரம் மெலிதாகக் கலங்கும். கடல்நீலத்தை டப்பாவிலிருந்து அப்படியே எடுத்தால் இந்தச் சின்ன அளவில் கறுப்பாகத் தெரியும். பத்தில் ஒரு பங்கு வெளிர்சாம்பல் கலந்துகொள்ளுங்கள்.

டாமியா அக்ரிலிக்கை ஒன்றுக்கு ஒன்று அல்லது ஒன்றுக்கு ஒன்றரை என அதற்குரிய தின்னரில் நீர்த்து, ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தில் மெல்லிய பூச்சாக மூன்று தடவை. டாமியா போலன்றி நீரையே அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக்கில் லாக்கர் தின்னரை ஊற்றினால் திரிந்து தயிராகிவிடும், ஏர்பிரஷும் அடைக்கும். டேப் போடும் முன் அக்ரிலிக்குக்கும் லாக்கருக்கும் ஒரு நாள், எனாமலுக்கு மூன்று நான்கு நாள் விடுங்கள். தொட்டுப் பார்ப்பது பரீட்சை அல்ல. முகர்ந்து பாருங்கள், தின்னர் வாசம் இருந்தால் காயவில்லை.

10. டீக்கால்

மங்கல் பரப்பில் நேராக ஒட்டினால் சொரசொரப்புக்குள் காற்று தங்கி டீக்காலின் ஓரம் வெள்ளி போல மின்னும். முதலில் பளபளப்பு வார்னிஷ், ஒரு நாள் காயவிட்டு, பிறகுதான் டீக்கால். வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் போட்டெடுத்து, ஈரத்துணியில் ஒரு நிமிடம் வைத்து, நகர ஆரம்பித்த பிறகு தள்ளுங்கள். விரலால் உரிக்க வேண்டாம். மென்மையாக்கி பட்டதும் டீக்கால் சுருங்கி அலங்கோலமாகும், பதறித் தொட்டுவிடாதீர்கள். அரைமணி நேரத்தில் தானே படிந்துவிடும். தொட்டால் கிழியும்.

இறக்கைகளில் நட்சத்திரச் சின்னம் இடதின் மேலும் வலதின் அடியிலும் மட்டும். நாலு பக்கமும் ஒட்டுவது புதியவர்கள் செய்யும் மாறாத தவறு. சிவப்பு ஓரம் போட்ட சின்னம் 1943-இன் நடுவில் சில மாதங்கள்தான் புழங்கியது. அதற்குப் பிறகு வந்தது நீல ஓரம்.

11. அழுக்கு, வார்னிஷ்

டீக்காலின் மேல் மறுபடி பளபளப்பு வார்னிஷ் பூசி, கோடுகளில் எனாமல் வாஷ் விட்டு, பஞ்சுக்குச்சியால் காற்று ஓடும் திசையில் துடையுங்கள். வெள்ளை அடிப்புறத்தில் கறுப்பு வாஷ் விட்டால் விமானம் கட்டம் போட்ட தாள் மாதிரி ஆகிவிடும். அங்கே வெளிர்சாம்பல்தான்.

கப்பல் விமானத்தில் சேறு கிடையாது. வெயிலிலும் உப்புக்காற்றிலும் வெளுத்த மேற்புறம், புகைப்போக்கியிலிருந்து பின்னோக்கி நீளும் சாம்பல்பழுப்புக் கறை, ஆள் ஏறி இறங்கும், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் தேய்ந்த வண்ணம், இவை போதும். கை நிற்காது என்பதுதான் இந்தக் கட்டத்தின் ஆபத்து. பிறகு மங்கல் வார்னிஷ். ஒரே கடல்நீலம் பூசிய விமானமானால் அரைப் பளபளப்பு.

12. பெட்டியில் மிச்சம் இருந்தவை

சக்கரக்கால்களைக் கெட்டியான சிமென்ட்டில் ஒட்டுங்கள், கோணம் சரிசெய்யப் பத்து நிமிடம் அவகாசம் கிடைக்கும். முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்துத் திருத்தி, தலைகீழாக வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். ஒட்டும் பரப்பில் வண்ணமோ வார்னிஷோ இருந்தால் சிமென்ட் பிடிக்காது, முதலில் சுரண்டுங்கள். அடுத்து கதவுகள், துப்பாக்கிக் குழல்கள், எஞ்சினோடு கவுலிங், புரொப்பெல்லர், கொக்கி. கண்ணாடி மாஸ்க்கை இப்போது உரியுங்கள். நகத்தால் அல்ல, கூராக்கிய பல்குச்சியால்.

ஆண்டெனா கம்பி எல்லாவற்றுக்கும் கடைசி. மீள்நூலை முதலில் வால்துடுப்பில் சூப்பர் க்ளூவால் ஒட்டி, அது இறுகிய பிறகு மெல்ல இழுத்துக் கம்பத்தில் ஒட்டுங்கள். அதிகம் இழுத்தால் கம்பம் வளையும். சாதாரணத் தையல் நூல் வேண்டாம், பிசிறு தெரியும், நாளடைவில் தொய்யும். மிஞ்சிய டீக்கால் தாளை ஜிப் பையில் போட்டு வெயில்படாத இடத்தில் வையுங்கள், ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.